நீத்தார் கடன் யாருக்காக?

தாய் தந்தையர் இறந்தபின் பிள்ளைகள் செய்யும் சடங்கு இறந்தவரைச் சென்றடைகிறதா, செய்பவரின் உள்ளத்தைச் செம்மைப்படுத்துகிறதா, அல்லது இரண்டுமின்றி ஊர் வழக்கமாக மட்டுமே நிற்கிறதா என்ற கேள்வியை இந்தியச் சிந்தனையாளர்களும் சீனச் சிந்தனையாளர்களும் கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே, ஒருவரையொருவர் அறியாத நிலையில், ஏறத்தாழ ஒரே கூர்மையோடு எழுப்பியுள்ளனர். இந்து சமயம், கன்பூசியம், தாவோயியம் ஆகிய மூன்றின் அடிப்படை நம்பிக்கைகளையும் அறிய இக்கேள்வியைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது அரிது. இம்மூன்றிலும் சமயம் என்பது முதலில் செய்ய வேண்டியவற்றின் ஒழுங்காக அமைந்து, அதன்பின்னரே நம்ப வேண்டியவற்றின் தொகுப்பாக விரிந்தது. கொள்கை அளவில் எளிதில் மறைத்துவிடக்கூடிய முரண்கள் பிணத்தின் முன் நிற்கும்போது மறைவதில்லை.

வேத மரபில் இறந்தோர் ஒரு பாதையில் செல்பவர்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள இறப்புப் பாடல்கள், அப்பாதையை முதலில் கண்டறிந்தவனாக யமனைப் போற்றுகின்றன. பிற்காலத்தில் எருமை மீதேறிப் பாசக்கயிறு வீசும் அச்சமூட்டும் தெய்வமாக மாறிய அவன், அங்கே முன்னோரின் அரசனாக, முன்சென்று இடம் அமைத்துக் காத்திருப்பவனாக இருக்கிறான். அதே மண்டலத்தில் எரிதழலை நோக்கிய மற்றொரு பாடல், இறந்தவரின் கண் கதிரவனிடமும் மூச்சு காற்றிடமும் செல்லட்டும் என்றும், உடல் நீரிலும் செடிகொடிகளிலும் கலக்கட்டும் என்றும் வேண்டுகிறது. இறந்தவர் தந்தையர் உலகை அடைகிறார் என்ற எண்ணமும், அவர் இயற்கையின் கூறுகளாகப் பிரிந்து கரைகிறார் என்ற எண்ணமும் தொடக்கத்திலேயே அருகருகே நின்றன என்பதையும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்தை அப்பாடல்கள் உணரவில்லை என்பதையும் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

இறந்த முன்னோரோடு உள்ள உறவைக் கடமையாக வரையறுத்தது பிற்கால வேத இலக்கியம். பிராமணன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சம்கிதை கூறுகிறது: முனிவர்களுக்கான கடனைக் கல்வியாலும், தேவர்களுக்கான கடனை வேள்வியாலும், முன்னோர்க்கான கடனை மக்கட்பேற்றாலும் அவன் தீர்க்க வேண்டும். சதபத பிராமணம் இதையே இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளாக விரித்து, தேவர், முன்னோர், மாந்தர், பிற உயிர்கள், வேதம் என ஐந்தையும் பேணச் சொல்கிறது. திருவள்ளுவர் இல்வாழ்வானின் ஐந்து கடமைகளைக் கூறும்போது தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, முதலாவதாக வைத்தார். தெய்வம் அங்கே இரண்டாமிடத்தில் நிற்பது தமிழ் வாசகர் பலரும் படித்துக் கடந்துவிடும், ஆயினும் நின்று சிந்திக்கத்தக்க ஒரு வரிசை.

சடங்கின் உள்ளமைப்பு இன்னும் நுட்பமானது. இறந்தவர் உடனே முன்னோராகிவிடுவதில்லை. பிரேதம் எனப்படும் இடைநிலையில், உடலும் இடமும் இன்றி அலைகிறார் என்றும், நாள்தோறும் இடப்படும் பிண்டங்கள், அதாவது சோற்று உருண்டைகள், அவருக்கு உறுப்பு உறுப்பாக ஒரு நுண்ணுடலை அமைத்துத் தருகின்றன என்றும் நூல்கள் விளக்குகின்றன. சபிண்டீகரணம் என்னும் சடங்கில், இறந்தவருக்கான பிண்டம் மூன்றாகப் பகுக்கப்பட்டு, அவருடைய தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோரின் பிண்டங்களோடு சேர்க்கப்படும்போது அவர் முன்னோர் வரிசையில் இடம்பெறுகிறார். பழைய விதிப்படி ஓராண்டு நிறைவில் செய்ய வேண்டிய இது, இன்று பெரும்பாலும் பன்னிரண்டாம் நாளிலேயே முடிக்கப்படுகிறது. புதியவர் உள்ளே வரும்போது மூத்தவர் ஒருவர் அந்த மூவர் வட்டத்திலிருந்து விலகுகிறார். அமாவாசைதோறும் எள்ளும் நீரும் இறைத்துச் செய்யும் தர்ப்பணமும், ஆண்டுதோறும் திதியில் கொடுக்கும் சிராத்தமும், கயையிலும் காசியிலும் இராமேசுவரத்திலும் செய்யப்படும் கடன்களும் இந்த வட்டத்தையே பேணுகின்றன.

உபநிடதங்கள் வந்தபின் இந்த அமைப்புக்குள் ஒரு பெரும் இடர் நுழைந்தது. ஆன்மா தன் வினைக்கேற்ப வேறோர் உடலை எடுக்கிறது என்றால், நீர்க்கடன் ஏற்கத் தந்தையர் உலகில் காத்திருப்பவர் யார்? தன் வினையின் பயனைத் தானே நுகர வேண்டும் என்ற கருமக் கோட்பாடு உண்மையெனில், மகன் இடும் சோறு தந்தையின் நிலையை எவ்வாறு மாற்றும்? உலகாயதர் எனப்படும் சார்வாகர் இதை நேரடியாகவே தாக்கினர். இறந்தவருக்கு இங்கிருந்து உணவு சென்றடையுமானால், வழிநடைப் பயணிக்கும் வீட்டிலிருந்தே உணவிடலாமே, கட்டுச்சோறு எதற்கு என்ற அவர்களுடைய வாதத்தைப் பதினான்காம் நூற்றாண்டின் சர்வதரிசன சங்கிரகம் பதிவு செய்துள்ளது. இதற்குப் புராணங்கள் தந்த விடை, முன்னோர் தேவராகப் பிறந்திருந்தால் அமுதமாகவும், விலங்காகப் பிறந்திருந்தால் புல்லாகவும் அந்த உணவு உருமாறிச் சென்றடையும் என்பதாகும். தருக்கத்தின் அளவில் இவ்விடை வலுவற்றது. ஆனால் ஒரு சமுதாயம் மறுபிறவியையும் கைவிட மறுத்து, முன்னோரையும் கைவிட மறுத்து, இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள எவ்வளவு தூரம் செல்லத் துணிந்தது என்பதற்கு இதுவே சான்று. அந்த மறுப்பில் உள்ள அன்பைக் காணத் தவறும் எந்த ஆய்வும் இந்து சமயத்தின் உயிர்நிலையைத் தவறவிடும்.

கடோபநிடதம் இந்த முரணை ஒரு கதையின் அமைப்பிலேயே வைத்துக் காட்டுகிறது. பால் வற்றிய, கிழட்டுப் பசுக்களைத் தானமாகக் கொடுக்கும் தந்தையைக் கண்டு கலங்கி, என்னை யாருக்குக் கொடுப்பீர் என்று மீண்டும் மீண்டும் கேட்ட சிறுவன் நசிகேதன், சினமுற்ற தந்தையின் சொல்லாலேயே யமனிடம் செல்கிறான். மூன்று நாள் காத்திருந்ததற்கு ஈடாக யமன் தரும் மூன்று வரங்களில், முதலாவதாக அவன் கேட்பது தந்தையின் சினம் தணிந்து மனம் அமைதியுற வேண்டும் என்பதே. இரண்டாவது, சுவர்க்கத்துக்கு இட்டுச்செல்லும் வேள்வித் தீயின் முறை. மூன்றாவதுதான் இறந்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்ற புகழ்பெற்ற கேள்வி. மெய்யியல் நூல்கள் பெரும்பாலும் மூன்றாம் வரத்திலிருந்தே பேசத் தொடங்குகின்றன. தன்னை இறப்பிடம் ஒப்படைத்த தந்தையின் அமைதியையும், சடங்கின் அறிவையும் பெற்ற பின்னரே ஆன்ம அறிவைக் கேட்கும் நசிகேதனின் வரிசையில், முந்தைய இரண்டும் தள்ளிவிட வேண்டிய படிகளாக இல்லை.

கன்பூசியஸ் (கி.மு. 551–479) இக்கேள்வியை முற்றிலும் வேறொரு தளத்தில் அணுகினார். இன்றைய ஷாண்டோங் மாநிலத்தில் இருந்த லூ நாட்டில் பிறந்த அவருடைய சிந்தனையின் மையத்தில் இரண்டு கருத்துகள் உள்ளன: மனிதர் மற்றொரு மனிதர்பால் கொள்ளும் நிறைவான நேயமாகிய ரென், அந்த நேயம் வெளிப்படும் முறைமையாகிய லீ. லீ என்பது வேள்வி, இறப்புச் சடங்கு, விருந்தோம்பல், வணங்கும் முறை, பேசும் முறை அனைத்தையும் அடக்கியது. பெற்றோரைப் பேணும் சியாவ் எனும் பண்பு இவ்விரண்டும் முதலில் பழகப்படும் இடம். அது பெற்றோர் வாழும்போது முறைப்படி தொண்டு செய்வதையும், இறந்தபின் முறைப்படி அடக்கம் செய்வதையும், அதற்குப்பின் முறைப்படி படையலிடுவதையும் ஒரே தொடராகக் கொள்கிறது.

அவருடைய உரையாடல்களின் தொகுப்பில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி இந்த வாதத்தின் உச்சம். பெற்றோர் இறந்தால் மூன்றாம் ஆண்டு வரை துக்கம் காக்க வேண்டும் என்ற பழைய மரபை மாணவர் ட்சாய் வோ எதிர்க்கிறார். அவ்வளவு காலம் சடங்கும் இசையும் பயிலாமல் விட்டால் அவை அழிந்துபோகும், தானியமும் தீக்கடை கோலும் ஆண்டுக்கொருமுறை புதிதாவதுபோல் துக்கத்துக்கும் ஓராண்டே போதும் என்பது அவர் வாதம். கன்பூசியஸ் விதியையோ தெய்வத்தையோ காட்டி மறுக்கவில்லை. ஓராண்டு கழிந்ததும் நல்ல அரிசிச் சோறு உண்டு, பட்டாடை உடுத்தினால் உன் மனம் அமைதியாக இருக்குமா என்று மட்டும் கேட்கிறார். இருக்கும் என்கிறார் ட்சாய் வோ. அப்படியானால் செய்துகொள் என்று கூறிவிடும் ஆசிரியர், மாணவர் வெளியேறிய பிறகு, குழந்தை பிறந்து மூன்று ஆண்டுகள் ஆன பின்னரே பெற்றோரின் கைகளை விட்டு இறங்குகிறது என்பதையும், ட்சாய் வோவுக்கும் அந்த மூன்றாண்டு அன்பு கிடைத்திருக்குமே என்பதையும் எண்ணி வருந்துகிறார். இங்கே சடங்கின் அளவுகோல் வானுலகில் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற அன்பின் கால அளவே துக்கத்தின் கால அளவாகிறது, அதைக் கடைப்பிடிக்கத் தவறுபவருக்குத் தண்டனை ஏதும் கூறப்படவில்லை.

ஆவிகளுக்குத் தொண்டு செய்வது பற்றி மாணவர் சி லூ கேட்டபோது, மனிதருக்குத் தொண்டு செய்யவே இன்னும் கற்காத நிலையில் அக்கேள்வி எதற்கு என்றும், இறப்பைப் பற்றிக் கேட்டபோது, வாழ்வையே இன்னும் அறியவில்லையே என்றும் கன்பூசியஸ் விடையளித்ததைக் கொண்டு அவரை நாத்திகர் என்று கூறுவோர் உண்டு. அம்முடிவு அவசரமானது. படையலிடும்போது முன்னோர் எதிரில் இருப்பதாகவே கொண்டு படைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. அவருக்கு இரு நூற்றாண்டுகள் பின்வந்த சுன் சு, சான்றோர் படையலை மனிதரின் நெறியாக அறிவர், பொதுமக்கள் அதை ஆவிகளுக்கான தொண்டாகக் கருதுவர் என்று வெளிப்படையாகவே பிரித்தார். எல்லையற்ற துயரம் மனிதரை அழித்துவிடாமலும், விரைவில் மறக்கும் இயல்பு அவரை விலங்காக்கிவிடாமலும் காப்பதற்காக முன்னோர் வகுத்த அளவே துக்கச் சடங்கு என்பது அவர் கொள்கை. மூன்றாண்டு எனப்பட்டது நடைமுறையில் இருபத்தைந்து மாதங்களில் நிறைவுற்றதையும் அவரே குறிப்பிடுகிறார்.

உள்ளத்தின் அளவாக இருந்த இதைப் பேரரசுகள் சட்டமாக்கின. தந்தையோ தாயோ இறந்தால் அதிகாரி பதவியை விட்டு ஊருக்குத் திரும்பி இருபத்தேழு மாதங்கள் துக்கம் காக்க வேண்டும் என்பது பிற்காலச் சீன ஆட்சியின் விதி. 1577-இல் மிங் பேரரசின் முதன்மை அமைச்சரான சாங் சூசெங்கின் தந்தை இறந்தபோது, இளவயதுப் பேரரசர் வான்லி அவரைப் பதவியிலேயே தொடரும்படி ஆணையிட்டார். முறைமை மீறப்பட்டதாக எதிர்த்த அதிகாரிகள் அவையில் தடியடி பெற்றனர். மனம் அமைதியுறுமா என்று மென்மையாகக் கேட்டு நிறுத்திய ஆசிரியரின் பெயரால் இருதரப்பும் பேசின என்பது, முறைமை அதிகாரத்தின் கைக்கு மாறும்போது எதை இழக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த இழப்பை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் தாவோ மரபினர். லாவோ சு இயற்றியதாகக் கூறப்படும் தாவோ தே ஜிங், அனைத்துக்கும் தாயாக, பெயருக்கு முற்பட்டதாக இருக்கும் தாவோவையும், அதன் ஓட்டத்துக்கு எதிராக வலிந்து எதையும் செய்யாதிருக்கும் வூ வெய் எனும் நெறியையும் பேசுகிறது. அதன் முப்பத்தெட்டாம் பகுதி, தாவோவை இழந்தபின் அதன் ஆற்றலும், அதை இழந்தபின் நேயமும், அதை இழந்தபின் நேர்மையும், அதையும் இழந்தபின் முறைமையும் தோன்றுவதாக ஓர் இறங்குவரிசையை வகுத்து, முறைமையை உண்மையும் பற்றும் மெலிந்துபோன நிலையாகவும் குழப்பத்தின் தொடக்கமாகவும் மதிப்பிடுகிறது. 1973-இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168-ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றிலிருந்து கிடைத்த இரண்டு பட்டுச் சுவடிப் படிகளில் நூலின் இரு பாகங்களும் இடம்மாறி இருப்பதால், முறைமையைக் கண்டிக்கும் இப்பகுதியே நூலின் தொடக்கமாக நிற்கிறது. உயர்குடிக் குடும்பத்தின் செல்வம் நிறைந்த அந்தக் கல்லறையில் அதை வைத்தவர்கள் முறைமைப்படியே வைத்தனர். சடங்கின் மீதான சீனாவின் மிகக் கூர்மையான கண்டனத்தின் பழைய படிகள், ஓர் அடக்கச் சடங்கின் வழியாகவே இருபத்தொரு நூற்றாண்டுகள் கடந்து வந்துள்ளன.

தாவோ மரபின் மற்றொரு சிந்தனையாளரான சுவாங் சுவின் பெயரால் வழங்கும் நூல் இறப்பை நேருக்கு நேர் சந்திக்கிறது. அவருடைய மனைவி இறந்த செய்தியறிந்து துக்கம் விசாரிக்க வந்த நண்பர் ஹுய் சு, அவர் கால்களை விரித்து அமர்ந்து ஒரு கலத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டு கடிந்துகொள்கிறார். இக்கதையைப் பற்றற்ற ஞானியின் சிரிப்பாக மட்டும் எடுத்துக்கூறுவோர், சுவாங் சு அளிக்கும் விடையின் முதல் பகுதியை விட்டுவிடுகின்றனர்: அவள் இறந்தபோது தாமும் எல்லாரையும்போல் துயருற்றதாகவே அவர் தொடங்குகிறார். பின்னர் அவள் பிறப்பதற்கு முன்னும், உருவம் பெறுவதற்கு முன்னும், அனைத்துக்கும் மூலமாகிய உயிர்மூச்சான ச்சி திரள்வதற்கு முன்னும் இருந்த நிலையை நோக்கியதாகவும், ஒன்றுமற்ற கலப்பிலிருந்து ச்சி தோன்றி, உருவாகி, உயிராகி, இப்போது இறப்பாக மாறியிருப்பது பருவங்கள் மாறிவரும் ஒழுங்கே என்று உணர்ந்தபின் அழுகையை நிறுத்தியதாகவும் கூறுகிறார். துயரத்துக்கு இங்கே இடம் உண்டு. அதற்கு விதிக்கப்பட்ட மாதக்கணக்கு மட்டுமே இல்லை. அதே நூலின் ஆறாம் அத்தியாயத்தில், நண்பரின் உடலருகே பாடும் இருவரைக் கண்டு அதிர்ந்து திரும்பிய மாணவரிடம், அவர்கள் வரம்புக்கு வெளியே உலவுபவர்கள், நான் வரம்புக்குள் உலவுபவன் என்ற பொருளில் கன்பூசியஸே பேசுவதாகப் புனைந்திருப்பது, எதிர்த்தரப்பின் மீது தாவோ மரபு கொண்டிருந்த மதிப்பைக் காட்டும் அரிய இடம்.

ஆயினும் கலம் தட்டிப் பாடும் வலிமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கி.பி. 142-இல் சிச்சுவான் பகுதியில், தெய்வ உருப்பெற்ற லாவோ சு தமக்குக் காட்சியளித்ததாக அறிவித்த சாங் தாவோலிங் தொடங்கிய வானுலக ஆசான்கள் இயக்கம், நோயுற்றோரின் குற்ற ஒப்புதல்களை எழுதி வானம், நிலம், நீர் ஆகியவற்றின் மூன்று அதிபதிகளுக்கு விண்ணப்பமாக அனுப்பும் குருமாரைக் கொண்டிருந்தது. பின்வந்த லிங்பாவ் மரபு இறந்தோர் அனைவரையும் நரகங்களிலிருந்து மீட்கும் விரிவான சடங்குகளை வகுத்தது. ஹாங்காங்கில் இன்றும் தாவோ குருமார் வாளேந்தித் தீயைச் சுற்றி ஆடி, ஓடுகளை உடைத்து, இறந்தவருக்கு நரகக் கதவைத் திறந்துவிடுகின்றனர். முறைமையைக் கண்டித்த நூலை மறைநூலாகக் கொண்ட மரபே சீனாவின் மிக விரிவான இறப்புச் சடங்குகளில் ஒன்றைப் படைத்ததை வீழ்ச்சி என்று கருதிய ஆய்வாளர்கள் முன்பு பலர் இருந்தனர். துயருற்றோர் தேடிவந்தபோது மெய்யியலை மட்டும் கொடுத்தனுப்ப மறுத்த பரிவு என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இந்து மரபிலும் வரம்புக்கு வெளியே சென்றவர்கள் உண்டு. துறவு ஏற்பவர் தமக்குத் தாமே சிராத்தம் செய்து, குடுமியும் பூணூலும் நீக்கி, கடன்கள் அனைத்திலிருந்தும் விடுபடுகிறார். அதனால் அவர் உடல் எரிக்கப்படாமல் சமாதியில் வைக்கப்படுகிறது. ஆனால் மரபுக்கதைகள் ஓரிடத்தில் இந்த விடுதலையை ஏற்க மறுக்கின்றன. எல்லாம் ஒரே பிரம்மம் என்று நிறுவிய ஆதி சங்கரர், துறவிக்கு உரிமையில்லாத தாயின் ஈமக்கடனைக் காலடியில் உறவினர் உதவ மறுத்த நிலையிலும் தாமே செய்தார் என்கின்றன அவர் வரலாறுகள். பெருஞ்செல்வத்தை ஒரு நொடியில் துறந்த பட்டினத்தார், தாய்க்குப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கிப் பாடலாலேயே தீ மூட்டினார் என்று தமிழ் மரபு போற்றுகிறது. வாதத்தில் வென்ற அத்வைதமும், உடலின் நிலையாமையை இடைவிடாது பாடிய துறவும் தாயின் உடலருகே தங்கள் விதிகளைத் தளர்த்திக்கொண்டதை மக்கள் குறையாகக் கருதாமல் அவர்களுடைய பெருமையாகவே நினைவில் வைத்துள்ளனர்.

இவ்வளவு அன்பு நிறைந்த அமைப்புகள் இழைத்த தீங்கையும் கூறியாக வேண்டும். முன்னோர் கடனை மகன் வழியாகவே தீர்க்க முடியும் என்ற இந்து விதியும், பெற்றோர்க்கு இழைக்கும் தீமைகளுள் வழித்தோன்றல் இல்லாமையே பெரிது என்ற கன்பூசியச் சிந்தனையாளர் மென்சியசின் கூற்றும் நூற்றாண்டுகளாகப் பெண்மகவைச் சுமையாகவும், மகனைப் பெறாத மனைவியைக் குற்றவாளியாகவும் ஆக்கின. தாயின் கைகளில் கழிந்த மூன்றாண்டுகளைத் துக்கத்தின் அளவாகக் கொண்ட மரபு, அதே தாய்க்கு மகள் செய்யும் கடனை இரண்டாம் தரமாகக் கருதியதற்கு அம்மரபின் சொந்த அடிப்படையிலேயே நியாயம் இல்லை. தொடக்ககாலத் தாவோ இயக்கம் பெண்களைக் குருமாராக ஏற்றதும், அவர்களுள் ஒருவரான வெய் ஹுவாசுன் (252–334) பிற்காலத் தாவோப் பிரிவொன்றின் முதல் ஆசானாகப் போற்றப்பட்டதும் இவ்வகையில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

வழித்தோன்றலே இல்லாமல் இறந்தவர்களின் நிலையில்தான் மூன்று மரபுகளின் விளக்கங்களும் சோதனைக்கு உள்ளாகின்றன. கடன் என்றால் கொடுத்தவரும் பெற்றவரும் வேண்டும். மகவின் மனச்செம்மை என்றால் மகவு வேண்டும். இயற்கையின் மாற்றம் என்றால் எதுவுமே வேண்டியதில்லை. எனினும் மூன்று மரபுகளும் உறவற்ற இறந்தோர்க்கு உணவும் நீரும் அளித்தன. தர்ப்பணத்தின் முடிவில் தாயும் தந்தையும் சுற்றமும் நண்பரும் இல்லாதோர்க்கென ஒருமுறை நீர் விடப்படுகிறது. ரதசப்தமிக்கு மறுநாள் வரும் பீஷ்மாஷ்டமியில், தந்தையின் விருப்பத்துக்காக மணத்தையும் மக்கட்பேற்றையும் துறந்த பீஷ்மருக்கு, அவர் குலத்தோடு தொடர்பில்லாதோரும் நீர்க்கடன் செலுத்துகின்றனர். மிங் பேரரசை 1368-இல் நிறுவிய ஹொங்வூ, பஞ்சத்தில் பெற்றோரை இழந்து வறுமையில் வளர்ந்தவர். படையலிட ஆளில்லாத ஆவிகளுக்காக நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் பலிமேடை அமைத்து, ஆண்டுக்கு மூன்று முறை அரசு அதிகாரியே படைக்க வேண்டும் என்று விதித்தார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாளில், குற்றங்களை மன்னிக்கும் நில அதிபதியின் திருநாளன்று, தைவானிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தாவோ குருமார் ஊரின் நடுவே மேசைகள் இட்டு, பெயர் அறியப்படாத இறந்தோர் அனைவரையும் உணவுக்கு அழைக்கின்றனர்.